தக்காளி யாருடைய பெயர்?

தக்காளி நம்ம ஊர்ச் செடி இல்லை. தென்னமெரிக்காவில் பிறந்து, மெக்ஸிகோவில் வளர்ந்து, ஐரோப்பியன் கப்பலில் ஏறி, 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு இந்தியாவுக்குள் வந்த சாமான் அது. அதற்கு முந்தைய நம்ம பாட்டிகள் ரசத்துக்குப் புளியைத்தான் கரைத்திருப்பார்கள். இதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

ஆனால் அதற்கு அடுத்த வரியாக ஒன்று சொல்கிறார்கள் பாருங்கள்: "பழமே வெளியூர்னா பேரும் வெளியூர்தானே? தக்காளிங்கறது டொமேட்டோவைத் தமிழ்ல சொன்னது. அந்தத் தக்காளியைப் பாத்து அப்புறமா வெச்ச பேருதான் மணத்தக்காளி." இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கதை அப்படியே தலைகீழ். தக்காளி என்ற பெயருக்கு முதல் சொந்தக்காரி வேலியோரத்தில் யாரும் விதைக்காமல் முளைக்கிற அந்தச் சின்னப் பழம்தான். சிவப்பாகக் கொழுகொழுவென்று வந்த விருந்தாளி, வீட்டுக்காரியின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. இன்றைக்கு வீட்டுக்காரியைப் பார்த்து, "நீ தக்காளிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சியா?" என்று கேட்கிறோம்.

நான் இருப்பது நொய்டாவில். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு தமிழ் வாட்ஸப் குழு இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். காலை வணக்கம், மாவு எங்கே கிடைக்கும், பொங்கலுக்கு யார் வீட்டில் கூடுவது, இதெல்லாம் போக மிச்ச நேரத்தில் மொழி ஆராய்ச்சி. அதில் இந்தப் பேச்சு வந்தபோது மூன்று கட்சி உருவானது. முதல் கட்சி மேலே சொன்னது. இரண்டாவது கட்சி, "டொமேட்டோ என்ற சொல்லே தக்காளியிலிருந்து போனதுதான், தமிழன் மெக்ஸிகோ வரைக்கும் போயிருக்கான்" என்றது. மூன்றாவது கட்சி, "பேரெல்லாம் இருக்கட்டும், அது நைட்ஷேட், விஷச்செடி, பிள்ளைங்க பக்கத்துல போகாம பாத்துக்கோங்க" என்றது.

மூன்றும் தப்பு. மூன்றும் ஒரே மாதிரித் தப்பு. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கொஞ்சம் நீளும், காப்பி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள் :-)

முதல் கட்சிக்கு

டொமேட்டோ என்பது தமிழ் வாயில் எப்படி ஆகும்? டொமேட்டோ, டமாட்டோ, தொமாத்து என்று ஏதாவது ஆகும். இந்தியில் டமாட்டர் ஆனது. தெலுங்கில் டமாட்டா ஆனது. நடுவில் இருக்கிற "ம" எங்கேயும் தொலையவில்லை. தமிழில் மட்டும் "ம" காணாமல் போய், "க்" இரட்டித்து, கடைசியில் "ளி" எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதா? டீ, பஸ், சோப்பு என்று ஆயிரம் சொற்களைக் கடன் வாங்கியிருக்கிறோம். எதிலாவது இப்படி நடந்திருக்கிறதா, காட்டுங்கள்.

அகராதியைத் திறந்தால் விஷயம் இன்னும் தெளிவு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் தக்காளிக்கு நேரே பைஸாலிஸ் என்ற காட்டுச்செடி இருக்கிறது. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சொடக்குத்தக்காளி. காகித விளக்கு மாதிரி ஒரு உறைக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன உருண்டைப் பழம். காற்று அடைத்த அந்த உறையை நெற்றியில் அடித்தால் "டப்"பென்று சொடக்குப் போட்ட சத்தம் வரும். பழம் தின்றதைவிட நெற்றி சிவந்ததுதான் அதிகம்.

மலையாளத்தில் இதே செடிக்குப் பெயர் ஞொட்டாஞொடியன். ஞொடி என்றால் நம்ம நொடி. கைநொடித்தல், விரல் சொடுக்குதல். அதாவது மலைக்கு இந்தப் பக்கம் இருந்தவனும் அந்தப் பக்கம் இருந்தவனும் ஒரே சத்தத்தைக் கேட்டு, அவனவன் சொல்லில் பெயர் வைத்திருக்கிறான். கொச்சியில் டச்சுக்காரர் வான் ரீடே தொகுக்க வைத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த ஹோர்த்துஸ் மலபாரிகஸில் இந்தப் பெயர் "இனோட்டா இனோடியன்" என்று பதிவாகியிருக்கிறது. டச்சுக்காரன் வாயில் "ஞ" என்ன பாடு பட்டிருக்கிறது பாருங்கள். விஞ்ஞானிகள் வைத்த பைஸாலிஸ் என்ற பெயரும் காற்றடைத்த பை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். எல்லாருக்கும் கண்ணில் பட்டது அந்த உறைதான்.

அடுத்தது மணத்தக்காளி. இதன் பழைய வடிவம் மணித்தக்காளி. மலையாளத்தில் இன்றும் மணித்தக்காளிதான். மணி என்றால் மணி போலச் சின்னதாக, உருண்டையாகக் கொத்தில் தொங்குவது. மணம் என்று எடுத்துக்கொண்டு, "நல்ல மணம் உள்ளதால் மணத்தக்காளி" என்று எழுதுகிறவர்கள் அந்த இலையை ஒருமுறையாவது கசக்கி மூக்கில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நெருப்பில்லாமல் புகையலாம், ஆனால் மணமில்லாமல் மணத்தக்காளி எப்படி? எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இதற்கு மிளகுதக்காளி என்றே பெயர். ஒரு ஊர்க்காரனுக்கு மணி, இன்னொரு ஊர்க்காரனுக்கு மிளகு. இரண்டும் அளவைச் சொல்கின்றன, இரண்டுமே மூக்கைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது முக்கியமான இடம். மணி, மிளகு, சொடக்கு என்ற மூன்று அடைமொழிகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். சிவப்புத் தக்காளியை மனதில் வைத்துக்கொண்டு இந்தச் செடிகளுக்குப் பெயர் வைத்திருந்தால் எப்படி வைத்திருப்பார்கள்? நாட்டுத்தக்காளி, காட்டுத்தக்காளி, குட்டித்தக்காளி என்று வைத்திருப்பார்கள். அப்படி வைக்கவில்லை. இந்தப் பெயர்கள் ஒன்றை ஒன்று பார்த்து வைத்தவை. உறை உள்ளது சொடக்கு, உறை இல்லாமல் கொத்தாகத் தொங்குவது மணி. வீட்டுக்குள் அண்ணன் தம்பிக்குப் பெயர் வைத்த மாதிரி. அந்த வீட்டுக்கு அப்புறம் வந்த விருந்தாளிக்குத்தான் "சீமை" என்ற அடைமொழி கொடுத்தார்கள்: சீமைத்தக்காளி. சீமை இலுப்பை, சீமைப்பலா, சீமைக்கருவேலம் வரிசையில் இதுவும் ஒன்று.

பிறகு என்ன ஆனது? விருந்தாளி சமையலறையைப் பிடித்தான். தினமும் சொல்கிற பெயர் என்றால் சுருங்கத்தானே செய்யும், சீமை உதிர்ந்து தக்காளி நின்றது. இது தமிழில் புதிதும் அல்ல. எள்ளின் நெய்தான் எண்ணெய். பிறகு எல்லா விதையின் நெய்யும் எண்ணெய் ஆனதும், அசல் எண்ணெய் "நல்ல" என்று ஒரு சர்டிபிகேட் வாங்கி நல்லெண்ணெய் ஆக வேண்டியிருந்தது. மிளகைப் பார்த்து அமெரிக்காவிலிருந்து வந்த காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்தோம். மலையாளத்தில் மிளகாயே முளகு ஆகிவிட, அசல் மிளகு குருமுளகு, நல்லமுளகு என்று அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கொண்டைக்கடலை இருந்த கடலையில் நிலக்கடலை வந்து சேர்ந்தது. வள்ளிக்கிழங்கின் பெயரில் சர்க்கரைவள்ளி வந்து உட்கார்ந்தது. வந்தவன் எல்லாம் இருந்தவன் பெயரில்தான் குடியேறியிருக்கிறான்.

இதில் கூத்து என்னவென்றால், இன்றைக்குச் சந்தையில் "நாட்டுத்தக்காளி" என்றால் புளிப்பான அந்தச் சீமைத்தக்காளிதான். பெங்களூர்த் தக்காளியிலிருந்து பிரித்துக் காட்ட வைத்த பெயர். சீமையிலிருந்து வந்தவன் நாட்டான் ஆகிவிட்டான், இருக்கட்டும், நானூறு வருஷம் இருந்தால் யாரும் நாட்டான்தான். வந்து பத்து வருஷம் ஆன நானே நொய்டாவில் புதிதாக வருகிறவர்களை "வெளியூர்க்காரங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். என் சண்டை விருந்தாளியோடு இல்லை. வீட்டுக்காரியைப் பார்த்து, உன் பெயரே அவன் போட்ட பிச்சை என்று சொல்கிறவர்களோடு.

இரண்டாம் கட்சிக்கு

இவர்கள் நம்ம ஆட்கள். அதனால்தான் இவர்கள்மேல் கோபம் இன்னும் அதிகம்.

டொமேட்டோ என்பது மெக்ஸிகோவின் நஹுவாட்ல் மொழிச் சொல் "தோமாட்ல்" என்பதிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தெ ஸஹாகுன் என்ற பாதிரியார் அந்த ஊர் மக்களிடமே கேட்டுத் தொகுத்த பெரிய ஏட்டில், சந்தையில் தோமாட்ல் விற்பவரைப் பற்றித் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. இதில் தமிழன் எங்கேயும் கப்பலில் போகவில்லை. போனதாகச் சொல்ல ஒரு ஓலையும் இல்லை, ஒரு பானையோடும் இல்லை.

ஆனால் உண்மையான கதை இவர்களுடைய கட்டுக்கதையைவிடப் பத்து மடங்கு ருசியானது. அதைத்தான் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள். நஹுவாட்ல் மொழியில் தோமாட்ல் என்பது சாறுள்ள உருண்டைப் பழங்களுக்கெல்லாம் பொதுவான பெயர். உறைக்குள் இருக்கும் பச்சைப் பழத்தின் பெயரும் அதுதான். அது நம்ம சொடக்குத்தக்காளியின் கூடப் பிறந்தது, அதே பைஸாலிஸ் பேரினம். சிவப்புத் தக்காளிக்கு அங்கே "ஷீதோமாட்ல்" என்று ஒரு அடை சேர்த்தார்கள். இன்றும் மத்திய மெக்ஸிகோவில் சிவப்புப் பழம் ஹிதோமாத்தே, தோமாத்தே என்றால் உறைபோட்ட பச்சைப் பழம்.

புரிகிறதா? அங்கேயும் உறைபோட்ட பழமும் சிவப்புப் பழமும் ஒரே பெயருக்குள். இங்கேயும் உறைபோட்ட பழமும் சிவப்புப் பழமும் ஒரே பெயருக்குள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு ஜனங்கள், ஒரே சொந்தத்தைக் கண்ணால் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்பானியர்தான் இந்த நுணுக்கம் புரியாமல் எல்லாவற்றையும் தோமாத்தே என்று அள்ளிக்கொண்டு போனார்கள்.

நம்ம நாட்டுக்குள்ளேயே பாருங்கள். வங்காளி இந்தப் புதுப்பழத்தைப் பார்த்து பிலாதி பேகுன் என்றான், அதாவது சீமைக் கத்தரிக்காய். ஒடியாவில் பிலாதி பாய்கண, அதே பொருள். அசாமியில் கத்தரி உதிர்ந்து பிலாஹி என்று சீமை மட்டும் நிற்கிறது. கிழக்கே இருந்தவனுக்குக் கத்தரியின் ஜாடை தெரிந்தது, தெற்கே இருந்தவனுக்கு மணித்தக்காளியின் ஜாடை தெரிந்தது. இருவரும் சரி. எல்லாம் ஒரே குடும்பம். கத்தரியும் மணத்தக்காளியும் சொலானம் என்ற ஒரே பேரினம். 1753இல் லின்னேயஸ் தக்காளியையும் அதே சொலானத்தில்தான் வைத்தார். 1754இல் பிலிப் மில்லர் அதைப் பிரித்து லைக்கோபெர்சிகன் என்று தனி வீடு கட்டிக் கொடுத்தார். இருநூறு வருஷத்துக்கும் மேல் உலகமே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1990களில் டி.என்.ஏ. ஆய்வுகள் வந்தபிறகு, இல்லை, அது சொலானமேதான் என்று பழைய வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இலையையும் பூவையும் பார்த்து "இது நம்ம தக்காளி ஜாதிதான்" என்று சொன்ன அந்தப் பெயர் தெரியாத தமிழ்க் கிழவிக்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை.

பெருமைப்பட வேண்டிய இடம் இது. பார்த்தார்கள், ஒப்பிட்டார்கள், சரியாகப் பெயர் வைத்தார்கள். அதை விட்டுவிட்டு, "தக்க ஆளி, அதாவது தகுதியுள்ளதை ஆளும் கனி" என்று சொல்லை முறுக்குப் பிழிகிறார்கள். சொல்லை உடைத்துப் பொருள் சொல்ல ஆசை இருந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பக்கத்து மொழியில் இது எப்படி இருக்கிறது? பழைய பயன்பாடு எதைக் குறித்தது? அந்தப் பொருளைக் கையில் எடுத்தால் இந்த விளக்கம் ஒட்டுகிறதா? மணி என்பது மூன்றிலும் தேறுகிறது. சொடக்கு மூன்றிலும் தேறுகிறது. "தக்க ஆளி" முதல் கேள்வியிலேயே பெஞ்சு மேல் ஏறி நிற்கிறது. காது கேட்டதையெல்லாம் பிரித்துப் போட்டால் அது சொல்லாராய்ச்சி இல்லை, சொல் விடுகதை.

முதல் கட்சி, தமிழனுக்கு எதுவும் தெரியாது, எல்லாம் வந்ததுதான் என்கிறது. இரண்டாம் கட்சி, எல்லாம் தமிழனிடமிருந்து போனதுதான் என்கிறது. இரண்டு பேருமே செடியைப் பார்க்கவில்லை. அதுதான் ஒரே மாதிரித் தப்பு.

மூன்றாம் கட்சிக்கு

இதுவரை சொன்னது வெறும் வாய்ச்சண்டை. இது வயிற்றுச் சண்டை.

என் மாமியார் சேலம் பக்கம். அவர் ஊரில் இந்தக் கீரைக்குச் சுக்குட்டி என்று பெயர். எங்களோடு வந்து இருந்தபோது, குடியிருப்பின் பின்பக்கச் சுவரோரம் தானாக முளைத்திருந்த ஏழெட்டுச் செடிகளைக் கண்டுபிடித்தார். டெல்லிப் பக்கம் வந்ததிலிருந்து அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. தினம் தண்ணீர் ஊற்றினார். வாரம் ஒருமுறை கீரைக்கூட்டு வந்தது. ஒருநாள் போனால் செடி இல்லை. குடியிருப்புக் கமிட்டியில் யாரோ கைப்பேசியில் படம் பிடித்துத் தேடியிருக்கிறார்கள், "டெட்லி நைட்ஷேட்" என்று ஏதோ வந்திருக்கிறது, குழந்தைகள் விளையாடும் இடம் என்று வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

பிடுங்கச் சொன்னது தோட்டக்காரரிடம். அவர் உத்தரப் பிரதேசக்காரர். "யே தோ மகோய் ஹை, ஹம் கானே மே காதே ஹை" என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். இது மகோய், நாங்கள் சாப்பிடுகிற செடி என்று. யார் கேட்டது? மாமியார் அன்றைக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஏனுங்க மாப்ள, ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

நானும் அதையேதான் கேட்கிறேன். அந்த இடத்தில் செடியைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு அது சுக்குட்டி, இன்னொருவருக்கு அது மகோய். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் பெயர் தெரியாது. இங்கிலீஷ் பெயர் தெரிந்தவர்களுக்குச் செடி தெரியாது. ஜெயித்தது பெயர்.

அந்தப் பெயரும் தப்பான பெயர். டெட்லி நைட்ஷேட் என்பது பெல்லடோனா, ஐரோப்பா, மேற்காசியாப் பக்கத்துச் செடி. நிஜமாகவே கொல்லும் விஷம். அதன் பூ மணி வடிவில் ஊதாவாகத் தொங்கும். பழம் கிட்டத்தட்டச் செர்ரி அளவு, ஒற்றை ஒற்றையாக, அடியில் ஐந்து இலை நட்சத்திரம் மாதிரி விரிந்து நிற்க உட்கார்ந்திருக்கும். மணத்தக்காளி பூ சின்னது, வெள்ளை, நடுவில் மஞ்சள். பழம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, கொத்தாகத் தொங்கும். கொத்தா ஒற்றையா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும். இங்கிலீஷில் மணத்தக்காளிக்கு பிளாக் நைட்ஷேட் என்று பெயர் வைத்தார்கள். நைட்ஷேட் என்ற பொதுச் சொல்லைப் பார்த்ததும் மற்றதன் விஷமெல்லாம் இதன் தலையிலும் ஏறிவிட்டது. உருளைக்கிழங்கும் தக்காளியும் கத்தரியும் கூட நைட்ஷேட் குடும்பம்தான். அதைக் கமிட்டியில் சொன்னால் மதியச் சாப்பாட்டையே நிறுத்த வேண்டியிருக்கும்.

விஷமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பழுக்காத பச்சைக்காயில் சொலானின் வகை நச்சு உண்டு, பச்சைபிடித்த உருளைக்கிழங்கில் இருப்பது போல. இதற்கும் நம்ம வீடுகளில் ஒழுங்கு இருந்தது. நன்றாகக் கறுத்த பழத்தைத்தான் பறித்து வாயில் போடலாம். கீரையை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். பச்சைக்காயை அப்படியே தின்னக் கூடாது. வற்றலுக்கு என்றால் உப்பு மோரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, திரும்ப ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்து, வத்தக்குழம்பில் ஒரு கைப்பிடி. யாரும் அதைத் தட்டு நிறைய அள்ளித் தின்னவில்லை. மணித்தக்காளி என்ற பெயரோடு சேர்ந்து வந்தது இந்தப் பக்குவம். பெயர் போனால் பக்குவமும் போகும். அதற்கப்புறம் மிஞ்சுவது இரண்டுதான்: ஒன்று வீண் பயம், இல்லையென்றால் தெரியாமல் எதையோ தின்னும் அசட்டுத் தைரியம்.

இது நம்ம ஊர் மூடநம்பிக்கை என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கென்யாவில் இந்தச் செடிக் கூட்டத்தின் கீரைக்கு மனாகு என்று பெயர், சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறது. இந்தோனேசியாவின் சுந்தா மக்கள் லியுஞ்சா என்று இதே கூட்டத்தின் காயைச் சோற்றோடு கடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 1909இல் லூதர் பர்பாங்க் என்ற பெரிய தாவர வல்லுநர் உருவாக்கிய புதுப்பழம் என்று "வொண்டர்பெர்ரி" விதையை விற்றார்கள். இது வெறும் பிளாக் நைட்ஷேட்தானே என்று அங்கே பத்திரிகையில் பெரிய சண்டை நடந்தது. வேலியோரச் செடிக்கு வொண்டர் என்று பெயர் மாற்றினால் காசு, நைட்ஷேட் என்றால் களை. செடி அதே கூட்டத்துச் செடிதான்.

இந்தப் பெயர் வியாபாரம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. பிப்ரவரி, மார்ச்சில் டெல்லித் தெருக்களில் தள்ளுவண்டிக்காரர் உறையோடு குவித்து வைத்து ரஸ்பரி என்று கூவி விற்பார். சொடக்குத்தக்காளியின் பெரிய அக்கா அது, பெருவிலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் பயிரானதால் இங்கிலீஷில் அதற்குக் கேப் கூஸ்பெர்ரி என்று பெயர். அது கேப்பில் பிறக்கவும் இல்லை, கூஸ்பெர்ரியும் இல்லை. அதே பழம் பெரிய கடையில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போனால் "கோல்டன் பெர்ரி". விலை தங்கம் மாதிரி. என் மகளுக்குக் கோல்டன் பெர்ரி தெரியும். எங்கள் ஊர் வரப்பில் அதன் தங்கை சும்மா கிடக்கிறாள் என்று காட்டியபோது, "அப்பா, இது வீட் தானே?" என்றாள். வீட் என்றால் களை. குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்குப் பெயரைக் கொடுக்காதது நாம்தான்.

வெளியூரில் உட்கார்ந்து மொழிக்காகக் கண்ணீர் விடுகிற நாம், ஒரே ஒரு காரியம் செய்யலாம். ஊருக்குப் போகும்போது அம்மாவையோ அத்தையையோ கொல்லைக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு செடியாகக் காட்டி, இதற்கு என்ன பெயர், எது தின்னலாம், எப்போது தின்னக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டப் பெயரோடு எழுதுங்கள். நெல்லை என்றால் மிளகுதக்காளி, சேலம் என்றால் சுக்குட்டி, சித்தவைத்தியர் சொன்னால் காகமாசி. தெலுங்குக்காரர் பக்கத்தில் இருந்தால் காமஞ்சி, மராத்திக்காரர் இருந்தால் காமோணி, தோட்டக்காரர் மகோய் என்பார். அதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். படத்தோடு, பூவோடு, பழத்தோடு. லெக்சிகன் போட்டவர்கள் அவர்கள் வேலையைச் செய்துவிட்டார்கள், மிச்சம் நம்ம கொல்லையில் கிடக்கிறது.

குழுவில் அன்றைக்கு இதையெல்லாம் சுருக்கமாகப் போட்டேன். முதல் கட்சி கட்டைவிரலைத் தூக்கியது, இரண்டாம் கட்சி "ஆனாலும் கப்பல்..." என்று ஆரம்பித்தது. மூன்றாம் கட்சிக்காரர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, விதை எங்க கிடைக்கும்?" என்றார். பழுத்த பழம் ஒன்றை மண்ணில் நசுக்கிப் போட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு வேலியில் கறுப்பாக இருக்கிறதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள். செடியைத் தெரிந்த ஒருவர் கையில் காட்டாமல் எந்தக் காட்டுப் பழத்தையும் தின்ன வேண்டாம். அதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.